கயிற்றைக் கொடுக்காத அக்கா

ஊர்காவற்றுறைக் கரையில் ஜசிந்தாவைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் ஒன்றில் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும், அல்லது ஒருநாள் விடியற்காலையில் அவளுக்கு முன்னால் வலையூசியும் கையுமாகத் தலைகுனிந்து நின்றவராக இருக்க வேண்டும். இரண்டாவது வகை ஆட்கள்தான் அதிகம். அவர்கள் அந்தக் கதையை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அரசாங்கம் அவளுக்கு ஒரு கடதாசித் துண்டுகூடக் கொடுக்கவில்லை. ஆனால் தீவுகளில் கஞ்சாவுக்கு எதிராகக் கூட்டம் போட்டவர்கள், கதிரை போட்டிருந்து பேசியவர்கள், கோயிலில் பிரசங்கம் வைத்தவர்கள் எல்லாரையும் ஒரு தட்டிலும் அவளை மறு தட்டிலும் வைத்தால் எந்தத் தட்டுத் தாழும் என்று கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொழும்பில் மொழிச்சட்டம் வந்த 1956ஆம் ஆண்டு ஆவணியில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை யாக்கோப்பு சங்கு குளிப்பவர். வாடைக்காற்று அடங்கிக் கடல் தெளியும் மாதங்களில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கால் வைக்க ஒரு கல்லோடு, இரு கையையும் விரித்து அளந்தால் ஆறு பாகம் ஏழு பாகம் வரும் ஆழத்துக்கு இறங்கி, மூச்சை அடக்கி, மணலில் கிடக்கும் சங்கைப் பொறுக்குவது அவருடைய தொழில். கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் இருப்பவனின் கையில் இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். மற்றத் தொழில்களில் 'உடனே' என்பதற்குப் பல அர்த்தம் உண்டு, அரசாங்கக் கந்தோரில் அதற்கு நாளைக்கு என்றும் அர்த்தம். இந்தத் தொழிலில் ஒன்றே ஒன்றுதான்.

கயிற்றை யார் பிடிப்பது என்பதற்கும் அந்தக் கரையில் ஒரு முறை இருந்தது. மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். அக்காவின் தாலி அந்தக் கயிற்றில் கிடக்கிறது, அவனைவிட யார் கவனமாகப் பிடிப்பான் என்பது நியாயம். ஜசிந்தாவுக்கு ஒரே தம்பி, இராசநாயகம். கலியாணத்தன்று பின்னேரமே, விருந்துக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, யாக்கோப்பு அவனிடம் கயிற்றைக் கொடுத்தார்.

"பிடி மச்சான். இனி என்ர மூச்சு உன்ர கையிலை."

"யோசியாதேங்கோ அத்தான்" என்றான் இராசநாயகம். ஜசிந்தாவுக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பேரையும் அவ்வளவு பிடிக்கும் அவளுக்கு.

வள்ளம் பஸ்ரியாம்பிள்ளைச் சம்மாட்டியாருடையது. அவர் கண்டிப்பான மனிதர். தினமும் விடிய வள்ளத்தடியில் நின்று, ஏறுகிற ஒவ்வொருவனையும் "வாயை ஊது" என்பார். கள்ளோ சாராயமோ மணத்தால் அன்றைக்கு அவனுக்குக் கடல் இல்லை. அவருடைய மூக்குக்கு அந்தக் கரையில் பெரிய பெயர். கள் எந்த ஊர்ப் பனையில் இறக்கியது என்பதையும் சொல்லிவிடுவார் என்று பகிடி விடுவார்கள். குடித்தவனைக் கடலில் இறக்காத கரை என்று ஊரவர்களுக்கும் ஒரே பெருமை.

அந்தப் பெருமைதான் கண்ணை மறைத்தது. அறுபதாம் ஆண்டளவில் அக்கரையிலிருந்து வரும் தோணிகளில் புடைவையோடும் பீடியோடும் கஞ்சாவும் வரத் தொடங்கியது. சின்னச் சின்னக் கடதாசிச் சரைகளில் சுற்றிக் கைமாறும். சுருட்டைப் பிரித்து உள்ளே வைத்துச் சுருட்டிக் குடித்தால் ஆளுக்குத் தள்ளாட்டம் இல்லை, நாக்குக் குழறல் இல்லை. வாயை ஊதினால் சுருட்டு மணம். சுருட்டுக் குடிக்காத ஆண்பிள்ளை அந்தக் கரையில் யார்? பஸ்ரியாம்பிள்ளையின் பெரிய மூக்கு ஒன்றும் அறியவில்லை. கள்ளுக் குடித்துப் பிடிபட்டவர்களே அதை விட்டுவிட்டு இதற்கு மாறினார்கள். உச்சி வெயிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கப் பொறுமை தரும், கண்ணைக் கூராக்கும் என்றும் கதை கட்டினார்கள். இராசநாயகமும் மாறியவர்களில் ஒருவன். ஜசிந்தாவுக்கு அது தெரியும். தெரிந்தும், வெறியில்லாத சாமான்தானே என்று அவளும் எல்லாரையும் போலவே பேசாமல் இருந்தாள். அதற்காகப் பிறகு அவள் தன்னையே திட்டிய திட்டு கொஞ்சமில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில் ஒருநாள் வள்ளம் நேரத்தோடு திரும்பி வந்தது. வள்ளத்தின் அடியில் யாக்கோப்பு மல்லாந்து கிடந்தார். மூக்கால் இரத்தம், ஒரு காதாலும் இரத்தம். கயிற்றை மூன்று தரம் சுண்டியும் அவரை யாரும் இழுக்கவில்லை. மூச்சு முட்டவே, பொறுக்கிய சங்கை எல்லாம் எறிந்துவிட்டுத் தானாக உன்னி மேலே வந்திருக்கிறார். மேலே வந்ததும் நினைவு தப்பிவிட்டது.

"சுண்டின உடனை இழுத்தனான் அக்கா" என்றான் இராசநாயகம். "மாதா சத்தியமா உடனை இழுத்தனான்."

ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி பத்து நாள் படுக்கையில் வைத்திருந்து ஆளைக் காப்பாற்றினார். இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. ஊர் கடலைக் குறை சொன்னது. நீரோட்டம் என்றது, கண்ணூறு என்றது. கயிற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மச்சானுக்கும் மச்சானுக்கும் இடையிலுள்ள கயிறு அது. அதில் குறை பிடிப்பது அந்தக் குடும்பத்தின் முகத்தில் கரி பூசுவது போல. யாக்கோப்புகூட மனைவியிடம் மட்டும்தான் சொன்னார்.

"இஞ்சேரும், நான் மூண்டுதரம் சுண்டினனான். அவனும் பொய் சொல்லுறவன் இல்லை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

ஜசிந்தாவுக்கும்தான் விளங்கவில்லை. இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும். யாரைச் சந்தேகிப்பது?

விளங்கிய நாள் ஒரு சனிக்கிழமை. அத்தான் படுக்கையில் கிடப்பதால் அக்காவுக்கு உதவலாம் என்று இராசநாயகம் வந்தான். அவள் அந்நாட்களில் வலை பின்னிக் கொடுத்துத்தான் அடுப்பு எரித்தாள். குசினிக்குப் பின்னால் நின்று ஒரு சுருட்டைக் குடித்து முடித்துவிட்டு, அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊசியை எடுத்தான். வலை பின்னுவது அந்த வீட்டாருக்கு மூச்சு விடுவது போல. இருட்டிலும் பின்னுவார்கள், சண்டை பிடித்துக்கொண்டும் பின்னுவார்கள். வலைக்கண்ணுக்கு வலைக்கண் அளவு மாறாது. அவன் ஒரு முழம் பின்னிவிட்டு நிமிர்ந்தான்.

"பார் அக்கா, அச்சிலை வார்த்த மாதிரி."

ஜசிந்தா பார்த்தாள். ஒரு வலைக்கண்ணுக்குள் அவளுடைய கை முழுவதும் போய் வந்தது. அடுத்ததற்குள் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. சில இடத்தில் முடிச்சே இல்லை. அவனோ சிரித்துக்கொண்டிருந்தான். தன் கைவேலையைப் பார்த்து மனதார மகிழ்ந்துகொண்டிருந்தான்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பி பொய் சொல்லவில்லை. இந்த முழத்தை எப்படிச் சரியென்று நம்புகிறானோ, அன்றைக்குக் கயிற்றை உடனே இழுத்ததாகவும் அப்படியே நம்புகிறான். பொய்யனாக இருந்திருந்தால் கன்னத்தில் இரண்டு போட்டுத் திருத்தியிருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

நாரந்தனையிலிருந்து சைக்கிளில் வரும் சுகாதாரப் பரிசோதகர் சரவணமுத்து கக்கூசுக் குழி பார்க்க வந்த நாளில் அவள் அவரை மறித்தாள்.

"ஐயா, கஞ்சாக் குடிச்சவனை வாயை மணந்து பிடிக்க ஏலுமோ?"

"ஏலாது. சோதிச்சுப் பாக்க எங்களிட்டை ஒரு வழியும் இல்லை" என்றார் அவர். "அது ஆளைத் தள்ளாட வைக்காது ஜசிந்தா. நேரத்தைக் குழப்பும், கவனத்தைக் கலைக்கும். கை ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கம். கூடாத விசயம் என்னெண்டால், அது குடிச்சவருக்கே தெரியாது. நானும் ரெண்டு வருசமாக் கூட்டத்திலை சொல்லுறன், ஆர் கேக்கினம்? நீர் ஏன் கேக்கிறீர்?"

"எனக்கு ஒரு வழி தெரியும் ஐயா" என்றாள் அவள்.

யாக்கோப்பு மீண்டும் கடலுக்குப் போக எழும்பிய நாள், விடிய ஐந்து மணிக்கு ஜசிந்தா வள்ளத்தடிக்குப் போனாள். தொழிலுக்குப் புறப்படும் வள்ளத்துக்குக் கிட்டப் பெண்பிள்ளை போவது வழக்கமில்லை. கையில் நூலும் ஊசியும், வலைக்கண்ணை அளக்கும் சின்ன மரக்கட்டையும். பஸ்ரியாம்பிள்ளை மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் வாய் மணந்தது காணும், இனி விடுங்கோ சம்மாட்டியார்" என்றாள். "கயிறு பிடிக்கிற ஆக்கள் எல்லாரும் என்ர கண்ணுக்கு முன்னாலை பத்து வலைக்கண் பின்னட்டும். கட்டை இல்லாமல், கைக்கணக்கிலை. நான் பிறகு கட்டையாலை அளப்பன். பத்தும் ஒரே அளவாய் வராதவனுக்கு இண்டைக்குக் கயிறு இல்லை."

கரை சிரித்தது. சம்மாட்டியார் சிரிக்கவில்லை. காதால் இரத்தம் வழியக் கிடந்தவரை அவரும் பார்த்தவர். "பின்னுங்கோடா" என்றார்.

நான்கு பேர் பின்னினார்கள். இரண்டு பேருடைய பத்தும் கட்டைக்கு அச்சாப் பொருந்தின. தம்பு என்பவனுக்கு நான்கில் பிழைத்தது. இராசநாயகத்துக்கு ஏழு. அவள் அவனுடைய ஏழையும் ஒவ்வொன்றாகக் கட்டையில் மாட்டி எல்லாருக்கும் காட்டினாள். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"என்ர கயிறை நீயே பறிக்கிறியோ அக்கா?"

"ஓம். நான்தான் பறிக்கிறன்."

"ஊர் என்னை என்ன சொல்லும்?"

"ஊர் என்னவும் சொல்லட்டும். அவர் செத்துப்போனால், பிறகு நீ எப்பிடியடா உயிரோடை இருப்பாய்?"

அவன் கயிற்றை மணலில் போட்டுவிட்டுப் போனான். தாய் மரியநாயகி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கூடப்பிறந்தவனைச் சபை நடுவில் வைத்து அவமானப்படுத்திய நீ என் வயிற்றில் பிறந்தவளோ என்று கத்தினாள். அன்று நின்ற பேச்சு வார்த்தை ஆறு மாதம் நின்றது. பூசைக்குப் போனால் தாய் ஒரு வாங்குப் பலகையில், மகள் வேறொன்றில்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு இருந்தது. மச்சான் பிடிக்காத கயிற்றில் இறங்க யாக்கோப்புக்கு மனம் வரவில்லை. அந்நியன் கையில் மூச்சைக் கொடுப்பதா? ஜசிந்தா அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய் நின்று சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, இனிமேல் ஆர் பத்தும் ஒரே அளவாய்ப் பின்னுறானோ, அவன்தான் உங்களுக்கு மச்சான்."

சம்மாட்டியார் வாய்விட்டுச் சிரித்தார். யாக்கோப்பு அரை மனதோடு இறங்கினார். அன்று முழுவதும் அவள் கரையை விட்டு அசையவில்லை, பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. தான் செய்தது சரிதானா என்று அன்று நூறு தரம் யோசித்தாள். பொழுதுபடப் பை நிறையச் சங்கோடு அவர் வந்து இறங்கியபோது, எல்லாரும் பார்க்க ஓவென்று அழுதாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பத்துக்கண் அக்கா என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். இரண்டாம் வருடம் மரியாதையாகிவிட்டது. சுருவில் என்ற ஊரின் கரையில் ஒரு பெண் அதையே செய்யத் தொடங்கினாள். மடத்துவெளிக்குக் கலியாணம் முடித்துப் போன ஒருத்தி அங்கே கொண்டுபோனாள். காலப்போக்கில் ஒவ்வொரு வள்ளத்தடியிலும் ஒரு மனைவியோ அக்காவோ மரக்கட்டையோடு நின்றாள். பெரிய மீசைகளெல்லாம் அவர்களுக்கு முன்னால் பள்ளிப்பிள்ளைகள் போல வரிசையில் நின்றன. கஞ்சா ஒழிந்துவிட்டது என்று சொன்னால் அது புளுகு. கரையில் இருந்து குடித்தவர்கள் குடித்தார்கள். ஆனால் கயிறு போன வெட்கத்தில் பதினொரு பேர் தாங்களாகவே சரவணமுத்தரிடம் போய், ஐயா இதை விட என்ன வழி என்று கேட்டார்கள். நெஞ்சுச் சளியும் ஓயாத இருமலுமாய்த் திரிந்த தம்பு அதில் ஒருவன். அதுவரை அவருடைய கூட்டத்துக்கு வந்தவர்கள் தேத்தண்ணிக்கு வந்தவர்கள்தான்.

அவர் அதை எல்லாம் அறிக்கையாக எழுதி அனுப்ப, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டாக்குத்தர் காரில் வந்து பார்த்தார்.

"ஏன் அம்மா பத்து? அதுக்கு ஏதும் கணக்கு இருக்கோ?"

"ஐஞ்சு எண்டால் தப்பிடுவாங்கள் ஐயா. இருவது எண்டால் வெயில் ஏறிடும்" என்றாள் ஜசிந்தா. டாக்குத்தர் அதையும் எழுதிக்கொண்டு போனார். பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

இராசநாயகம் பதினொரு மாதம் பட்ட பாடு தனிக் கதை. விட்ட முதல் மாதம் நித்திரை இல்லை. நாயைப் பார்த்தாலும் கோபம். இரண்டு முறை திரும்பவும் தொடங்கினான். ஆனாலும் விடிந்தால் கரைக்கு வந்து, ஒரு சொல் பேசாமல் பத்துக் கண் பின்னி அக்காவிடம் நீட்டுவான். மற்றவர்களை ஒருமுறை அளப்பவள் அவனுடையதை இரண்டுமுறை அளந்தாள். "தம்பி எண்டு பாவம் பாக்கிறாளில்லை" என்று கரை முணுமுணுத்தது. தம்பி என்பதால்தான் அளந்தாள். அடுத்த மாசியில் ஒருநாள் பத்தும் பொருந்தின. மறுநாளும் பொருந்தின. ஒரு மாதம் பார்த்துவிட்டு, அவள் கயிற்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வள்ளத்தில் ஏறினான். தாய் மரியநாயகி அன்று மகள் வீட்டில் சாப்பிட்டாள்.

பன்னிரண்டு வருடம் அந்தக் கயிறு அவன் கையில் இருந்தது. யாக்கோப்பு ஒருநாளும் இரண்டாம் முறை சுண்டவில்லை.

எழுபத்தைந்தாம் ஆண்டு பங்குனியில் மரியநாயகி கண்ணை மூடினாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் வள்ளங்கள் தொழிலுக்கு இறங்கின. இராசநாயகம் வந்தான், உட்கார்ந்தான், பின்னினான். பன்னிரண்டு வருடமாய்ப் பத்துப் பத்தாய்ப் பின்னிய கை. ஜசிந்தா அளந்தாள். பத்தும் கட்டைக்கு அச்சாப் பொருந்தின. சரவணமுத்தரும் அன்று கரையில் நின்றார். மாற்றலாகிப் போகுமுன் எல்லாரிடமும் சொல்லிக்கொள்ள வந்திருந்தார். அவள் அவரோடு கதைத்துக்கொண்டே கயிற்றைத் தம்பியிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை போனான். யாக்கோப்பு வள்ளத்தில் ஏறிக் கயிற்றுக்காகக் கை நீட்டினார். இராசநாயகம் கயிற்றைக் கொடுக்கவில்லை. பிறகு திரும்பி வந்து கயிற்றை அக்காவின் மடியில் வைத்தான்.

"இண்டைக்கு என்னை ஏத்தாதை அக்கா."

"ஏன்ரா? பத்தும் சரியாய் இருக்கு."

"பத்தும் சரிதான்." அவன் குரலைத் தாழ்த்தவில்லை. கரை முழுவதும் கேட்டது. "அம்மாவின்ர நினைவு தாங்க ஏலாமல் விடியக் கஞ்சாக் குடிச்சனான். கை பழகியிட்டுது அக்கா. அது தன்ரபாட்டிலை பின்னுது. ஆனால் கீழை அத்தான் சுண்டினால் நான் அங்கை இருப்பனோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

ஜசிந்தா கையிலிருந்த மரக்கட்டையைப் பார்த்தாள். அது அவனைச் சரியென்று சொல்லிவிட்டது. அவளும் சொல்லிவிட்டாள். அவன் சொல்லாமல் ஏறியிருந்தால் இன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அடுத்த கணம் அந்தப் பயம் எங்கேயோ போய், நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கு ஏழு பிழையைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்தவன், இன்று பத்துச் சரியை வைத்துக்கொண்டு தன்னைப் பிழை என்கிறான். தன் தம்பியைப் பார்த்து அவள் அவ்வளவு பெருமைப்பட்டது அதற்கு முன் ஒருநாளும் இல்லை.

வள்ளத்திலிருந்து யாக்கோப்பு இறங்கி வந்தார். மச்சானின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். "இண்டைக்கு எனக்கும் கடல் இல்லை" என்றார்.

சரவணமுத்தருக்குத்தான் கவலை. "அப்ப உம்மட சோதினை பிழைச்சுப்போச்சே ஜசிந்தா? கை பழகினவன் எல்லாம் இனி ஏறிவிடுவானே?"

அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். வரிசையில் நின்ற அடுத்தவனைக் கூப்பிட்டாள். அவன் ஊசிக்குக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை.

"பொறு. முதல் என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு, இண்டைக்குக் குடிச்சனியோ?"

"இல்லை அக்கா."

"அப்ப சரி, பின்னு."

"இதென்ன புதுசா இருக்கு?" என்றார் சரவணமுத்தர். "கேட்டால் சொல்லுவாங்களோ? பொய்யெல்லோ சொல்லுவாங்கள்!"

"என்ர தம்பி கேளாமலே சொன்னவன் ஐயா" என்றாள் ஜசிந்தா.